அதிபர் கற்ற தமிழ்

சென்ற திங்கள் என் பழைய மாணாக்கர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அவர் இப்போது யாழ்ப்பாணத்துச் சர்வதேசப் பாடசாலை ஒன்றின் அதிபர். "ஐயா, ஒருநாள் வந்து எங்கள் வகுப்புகளைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும்" என்று கேட்டார். சென்றேன்.

நான்காம் வகுப்பிலே கணிதபாடம். எட்டில் நாலிலொரு பங்கு எத்துணை என ஆசிரியை ஆங்கிலத்தில் வினவ, ஒரு சிறுமி தலைகவிழ்ந்து நின்றாள். யான் அருகே சென்று, "பிள்ளை, அம்மா எட்டுப் பனங்கட்டிக் குட்டான் வாங்கி வந்து நாலு பேருக்குச் சரியாய்ப் பங்கிட்டால் உனக்கு எத்தனை?" என்றேன். "இரண்டு" என்று உடனே சொன்னாள். சொன்னவள், தமிழிற் பேசிவிட்டோமே என்று ஆசிரியையின் முகத்தை அஞ்சி நோக்கினாள். கணக்கு அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மாலையில் இதனை அதிபரிடம் கூறினேன். "பெற்றோர் பணம் கட்டுவது ஆங்கிலத்துக்கு ஐயா. தமிழில் விளக்கினால் பிள்ளைகளை வேறிடம் கொண்டுபோய்விடுவார்கள்" என்றார். அவர் அச்சம் பொய்யன்று. ஆயினும் இவ்வழக்கு இம்மண்ணுக்குப் புதியதன்று.

1823-இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கினர். முதல் அதிபர் தானியேல் பூவர். அவர் நோக்கம் மதம் பரப்புதலே. எனினும் 1816-இல் இங்கு வந்த அவர் முயன்று தமிழ் கற்று, தமிழிற் பேசவும் போதிக்கவும் வல்லவரானார். ஆங்கிலத்தில் மேனாட்டுக் கணிதமும் வானசாஸ்திரமும் புகட்டிய அக்கலாசாலையில் தமிழும் உரிய பாடமாயிருந்தது. பின்னர் அதிபரான ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1854-இல் அமெரிக்காவில் அச்சாயிற்று. தாம் மாற்ற வந்த மக்களின் நூலையே அவர் ஊன்றிக் கற்றார்.

பயன் யாது? 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் அங்குப் பயின்றோரே. அவருள் ஒருவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டுச்சுவடியில் அழியவிருந்த கலித்தொகையை 1887-இல் அச்சேற்றினார். ஆங்கிலம் அவர் தமிழைக் கெடுக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. ஆங்கிலக் கல்வி உத்தியோக நாட்டத்தையே வளர்க்கின்றதெனக் கருதி, மிஷன் 1855-இல் செமினரியை மூடிவிட்டது. ஊரார் ஆங்கிலத்தை விடவில்லை. 1872-இல் அவ்வூரிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆகவே ஒருமொழியைத் துரத்தி மறுமொழியைக் காத்தல் இயலாது.

இன்றைச் சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. அரசினர் பாடசாலைகளுக்குள்ள மேற்பார்வை அவற்றுக்கில்லை. வகுப்பிலே எம்மொழிக்கு இடமுண்டு என்பதை, நிருவாகத்தோடு இசைந்து, அதிபரே தீர்மானிக்கின்றார். அதனாலேயே அவர் பொறுப்புப் பெரிது.

"தம்பி, ஆங்கிலத்தை நன்றாகக் கற்பியும். விளங்காத பிள்ளைக்கு மட்டும் ஒருமுறை தமிழிற் சொல்லி, பின் அதனையே ஆங்கிலத்திற் சொல்லச் செய்யும். பூவர் துரைக்கு வராத வெட்கம் உமக்கு ஏன்?" என்றேன். அவர் விடை கூறவில்லை.

சென்ற வாரம் கடிதம் வந்தது. கீழ்வகுப்புகளில் ஒரு தவணைக்கு அவ்வாறே செய்து பார்ப்பதாயும், தவணை முடிவில் யான் வர வேண்டுமென்றும் எழுதியிருந்தார். போவேன். அச்சிறுமி விடை சொல்லும்போது யார் முகத்தை நோக்குகிறாள் என்பதையே முதலிற் பார்ப்பேன்.