பெயரில்லாத புறோச்சுகள்

சேலைத் தலைப்பை மடித்துத் தோளில் குத்தும் புறோச் எங்கள் எல்லோருக்கும் பழக்கமானது. இலண்டனில் வசிக்கும் என் சின்னம்மா ஒருமுறை ஊருக்கு வந்தபோது வேறுவிதமான ஒன்றைக் காட்டினார். அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். முத்துச்சிப்பி வளையம் ஒன்று. அதன் நடுவே குறுக்காக வைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், மேலே ஒரு கிரீடம். அதைக் கையில் வாங்க எனக்கு மனம் வரவில்லை. படைச் சின்னம் எதைக் கண்டாலும் எங்களில் பலருக்கு நெஞ்சு அடைக்கும்.

"இது ஆமிக்காரன் போட்டதில்லைப் பிள்ளை, வீட்டில இருந்த பொம்பிளை போட்டது" என்றார் சின்னம்மா. அதன் பிறகுதான் வாங்கிப் பார்த்தேன்.

ஆங்கிலேயர் இதனை 'சுவீட்ஹார்ட் புறோச்' என்பார்கள். போருக்குப் போகிறவன் தன் படையணியின் சின்னத்தைச் சிறிதாகச் செய்வித்துக் கொடுத்துவிட்டுப் போவான். பெயரில் காதலி இருந்தாலும் மனைவியரும், சகோதரிகளும், தாய்மாரும் இதை அணிந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இவ்வழக்கம் 1914 - 1918 முதலாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியா முழுவதும் பரவியது. வசதியுள்ளவர்கள் பவுணிலும் வெள்ளியிலும் செய்வித்தார்கள். இல்லாதவர்களுக்குப் பித்தளை. அதற்கும் வழியில்லாதவர்கள் சீருடைத் தெறி ஒன்றின் பின்புறம் ஊசியை ஒட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானக் கண்ணாடிக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக் துண்டுகளை அராவிச் செய்தவர்களும் உண்டு.

இன்று இவற்றைச் சேகரிப்பவர்கள் பலர். ஒரு புறோச் எந்தக் காலத்தது என்று அவர்கள் கண்டுபிடிக்கும் விதம் சுவையானது. முதலில் கிரீடத்தைப் பார்ப்பார்கள். மேல்வளைவு கும்மட்டம் போல உயர்ந்திருந்தால் பெரும்பாலும் 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்களின் காலம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் மகாராணியின் காலம். (சார்ள்ஸ் மன்னர் 2022இல் மறுபடியும் கும்மட்டக் கிரீடத்தையே தெரிவு செய்ததால் புதியவற்றைப் பார்த்து ஏமாறவும் இடமுண்டு.) அடுத்தது படையணியின் ஆயுள். சின்னம்மாவின் புறோச்சில் இருந்தது இயந்திரத் துப்பாக்கிப் படையணியின் சின்னம். அப்படையணி 1915இல் உருவாகி 1922இல் கலைக்கப்பட்டது. அதே போல 1912இல் அமைந்த பறக்கும் படையணி, 1918 ஏப்ரல் 1ஆம் திகதி கடற்படையின் விமானப் பிரிவோடு இணைந்து அரச விமானப்படையாயிற்று. ஆகவே பழைய பெயரின் எழுத்துக்கள் இருந்தால் அதற்கு முந்திய காலத்தது என்று ஊகிக்கலாம்.

பிறகு பின்புறம். பூதக்கண்ணாடியால் பார்த்தால் வெள்ளியில் சிங்க முத்திரை தெரியும். நங்கூரம் இருந்தால் பேர்மிங்ஹாமில் பரிசோதிக்கப்பட்டது. கூடவே உள்ள எழுத்து வருடத்தைக் காட்டும். 9 கரட் பவுணில் 375 என்ற இலக்கம் இருக்கும். பித்தளையில் முத்திரை இல்லையே என்று போலியாக நினைக்கத் தேவையில்லை. பழையதை அச்செடுத்து வார்த்த போலிகளில் கோடுகள் மழுங்கிக் கிடக்கும்.

இவ்வளவும் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அணிந்த பெண் யார் என்பதை மட்டும் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. யுத்தம் முடிந்தபின் பிரித்தானிய அரசு இறந்தோரின் குடும்பங்களுக்கு வெண்கலத் தகடு கொடுத்தது. 13 இலட்சத்துக்கும் அதிகமான தகடுகள், ஒவ்வொன்றிலும் இறந்தவரின் பெயர் பொறித்திருந்தது. புறோச்சில் அவனுடைய படையணி உண்டு, அவளுடைய பெயர் இல்லை. பின்புறத்தில் யாராவது இரண்டு எழுத்தைக் கீறியிருந்தால், அல்லது ஒரு படமோ கடிதத் துண்டோ கூடவே கிடந்தால் மாத்திரமே ஏதேனும் தெரியவரும்.

என் வேலையில் நான் சந்திக்கும் பெண்களின் பெட்டிகளிலும் ஒரு கைக்கடிகாரம், ஒரு பாடசாலை பட்ஜ், ஒரு சட்டை இருக்கிறது. யாருடையது, எந்த வருடம் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கூடவே வையுங்கள். வைத்திருக்கிற உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

சின்னம்மாவின் புறோச்சில் முத்துச்சிப்பி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, விரல் அடிக்கடி பட்ட இடம் போல. அவர் திரும்பிப் போகுமுன் வாங்கிய சந்தையின் பெயரையும் திகதியையும் எழுதிப் பெட்டிக்குள் வைத்தோம். அந்தப் பெண்ணைப் பற்றி எழுத எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.