தோல் தொழிலில் நொதிகள்

ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, பதனிடும் பொருளை ஏற்கும் நிலைக்கு வருமுன் மயிர், மேல்தோல், கொழுப்பு, ஒட்டிய சதை ஆகிய யாவற்றையும் இழந்து, கொலாஜன் என்னும் புரத இழைகள் பின்னிய நடுத்தோலாக மட்டுமே எஞ்ச வேண்டும். காக்கப்பட வேண்டிய கொலாஜனும் புரதம், களையப்பட வேண்டிய மயிரின் கெராட்டினும் புரதம் என்பதே இதிலுள்ள சிக்கல். உயிரணுக்களில் உருவாகி, வேதிவினையை விரைவுபடுத்தி, அவ்வினையில் தாம் தீர்ந்துபோகாத நொதிகள், ஒவ்வொன்றும் தனக்குரிய பிணைப்பையே வெட்டும் இயல்புடையவை என்பதால், இத்தகைய பிரித்தெடுப்புக்கு ஏற்றவையாகத் தோன்றுகின்றன. ஆனால் அந்தத் தேர்வுத் திறன் முழுமையானதன்று.

நொதி என்ற கருத்தே தோன்றாத காலத்திலும் தோல் தொழிலாளர்கள் நொதிகளைப் பயன்படுத்தியே வந்தனர். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வெளிவரும் தோல் உப்பி விறைத்திருக்கும். அதை நெகிழ்விக்க நாயின் மலத்தையும் புறா, கோழி எச்சங்களையும் வெந்நீரில் கரைத்து, அதில் தோலை ஊறவைப்பது ஐரோப்பாவின் நெடுநாள் வழக்கம். லண்டன் தெருக்களில் நாய் மலத்தைப் பொறுக்கித் தோல் பட்டறைகளுக்கு விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி ஆங்கில இதழாளர் ஹென்றி மேஹ்யூ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கலவையில் உண்மையில் வேலை செய்தவை செரிமான நொதிகளும் பாக்டீரியா நொதிகளுமே என்பது தெளிவானபின், ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து பெற்ற நொதிகளை அம்மோனிய உப்புகளுடன் கலந்து ‘ஓரோபான்’ என்னும் பொருளை உருவாக்கி, அதை விற்பதற்கென்றே 1907-இல் ஓட்டோ ஹாஸ் என்பவருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். தொழிலாளியின் கைகளை மலத் தொட்டியிலிருந்து மீட்டது என்ற ஒன்றுக்காகவே இக்கண்டுபிடிப்பு இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

இந்த நெகிழ்விப்புக் கட்டம் இன்றும் பெரும்பாலும் அவ்வாறே நடைபெறுகிறது. கணைய நொதியான டிரிப்சின் மிதமான காரத்தன்மையிலும், 35 முதல் 37 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் நன்கு செயல்படுவதால், தோலிலுள்ள சுண்ணாம்பை முதலில் நீக்க வேண்டும். தோலின் தடித்த பகுதியை வெட்டி, வெட்டுமுகத்தில் பினாப்தலீன் கரைசலைச் சொட்டவிட்டால், சுண்ணாம்பு எஞ்சிய இடம் இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னர் நொதி சேர்த்துச் சுழற்றிய தோலின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுக்கும்போது ரேகைப் பதிவு மறையாமல் நின்றால், போதிய அளவு நெகிழ்ந்துவிட்டது என்று பொருள். கையுறைத் தோலுக்கு இக்கட்டம் நீண்டதாகவும், செருப்பின் மேற்பகுதித் தோலுக்குச் சுருக்கமாகவும் அமைய, செருப்பின் அடிப்பகுதித் தோலுக்கு அது பெரும்பாலும் வேண்டியதே இல்லை.

மயிர் நீக்கத்தின் கதை வேறு. சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடைச் சேர்க்கும் வழக்கமான முறையில், சல்பைடு கெராட்டினின் கந்தகப் பிணைப்புகளை உடைத்து மயிரையே கூழாக்கிவிடுகிறது. கரைந்த அந்தப் புரதம் அனைத்தும் கழிவுநீரில் சேர்கிறது. சல்பைடு கலந்த நீர் அமிலத்தைச் சந்தித்தால் எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவோரின் உயிரையே குடிக்கவல்லது. நொதியோ மயிரைத் தாக்குவதில்லை. மயிர்க்காலைச் சூழ்ந்துள்ள, இன்னும் கெட்டிப்படாத மென்மையான உயிரணுக்களையும் அவற்றை இணைக்கும் புரதங்களையும் அது கரைத்துவிட, பிடிமானம் இழந்த மயிர் முழுதாகவே கழன்று வருகிறது. ஆட்டுத் தோலில், நொதிப் பசையைச் சதைப்புறத்தில் பூசி, தோல்களை அடுக்கி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மழுங்கிய கத்தியால் வழித்தெடுப்பது ஒரு முறை. அவ்வாறு கிடைக்கும் மயிரைச் சல்லடையில் பிடித்துத் தனியே பயன்படுத்தவும் இயலும்.

இவ்வளவு நன்மை இருந்தும் சல்பைடு இன்னும் கோலோச்சுவதற்குப் பழமைப்பிடிப்பு மட்டும் காரணமன்று. நொதிக் கலவையில் கொலாஜனைச் சிதைக்கும் கூறு சிறிதளவு இருந்தாலோ, வெப்பமும் நேரமும் மிஞ்சினாலோ, தோலின் மேற்பரப்பு அரிபட்டுத் தளர்ந்துவிடும். அந்தச் சேதத்தைப் பின்னர் எந்தச் சாயமும் மறைக்காது. குறைந்தாலோ நுண்மயிர்கள் அப்படியே நின்றுவிடும். சல்பைடு மலிவானது, கவனக்குறைவையும் ஓரளவு பொறுத்துக்கொள்வது. எனவேதான் பல ஆலைகள் நொதியையும் குறைத்த அளவு சல்பைடையும் சேர்த்துப் பயன்படுத்தும் இடைவழியை நாடுகின்றன.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் கழிவால் பாலாறு கெட்டதை 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடறியச் செய்தது. 1948-இல் சென்னை அடையாறில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் நொதிவழி மயிர் நீக்கத்தில் நெடுங்காலமாக ஆய்வு நடத்தி வருகிறது. எனினும் நொதியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது முறையன்று. சல்பைடையும் கரைந்த புரதத்தையும் அது குறைக்குமேயன்றி, பதனிடும் குரோமிய உப்பை அது தொடுவதில்லை; பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை தூவப்படும் சமையல் உப்பையும் தொடுவதில்லை. அந்த உப்பில் ஒரு பகுதியை ஊறவைக்குமுன் உதறியே பிரித்துவிடலாம். அதற்கு வேண்டியது நொதியன்று, ஆள்களின் உழைப்பும் உதிர்ந்த உப்பைச் சேர்த்துவைக்க இடமுமே.