இருதயத்துக்குச் சிகிச்சை, ஞாபகத்துக்குச் சோதனை

ஆரணிப் பட்டுத் தறியில் கை கால்களுக்கு மட்டுமல்ல, மனத்துக்கும் ஓயாத வேலை. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஜக்கார்டு அட்டைகள் பாதிப் பாரத்தைச் சுமந்தாலும், அறுந்த இழை எது, புட்டாவுக்குப் புட்டா எத்தனை ஊடை என்பதைத் தறிக்குழியில் உட்கார்ந்தவர்தான் கவனிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நெசவாளி ஒருவர் ‘பைபாஸ்’ செய்துகொண்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்புக் காயம் ஆறிவிட்டது. ஆனால் எண்ணிக்கை நடுவில் நழுவுகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. ‘மூளை கெட்டுவிட்டதோ’ என்று பயந்து வீட்டார் மூடி மறைக்கிறார்கள். டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்!

பக்கத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1961-லேயே திறந்த இருதய ரண சிகிச்சை நடந்தது. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் 1975-ல் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இத்தகைய சிகிச்சைகளில் பெரும்பாலும் இருதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரத்திடம் ஒப்படைப்பார்கள்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக டாக்டர்கள் பைபாஸ் நோயாளிகள் 261 பேரைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது நூற்றுக்கு 53 பேருக்கு நினைவிலோ கவனத்திலோ குறைவு. ஆறு மாதத்தில் அது 24 ஆயிற்று. ஐந்தாண்டு கழித்து மறுபடியும் 42!

யந்திரத்தின் மேல்தான் பழி விழுந்தது. நுண்ணிய காற்றுக் குமிழிகளும் இரத்தக் குழாயிலிருந்து பெயர்ந்த துணுக்குகளும் மூளைக்குப் போகின்றன என்றார்கள். ஆனால் யந்திரமின்றிச் சிகிச்சை பெற்றவர்களை ஹாலந்து டாக்டர்கள் ஐந்தாண்டுக்குப் பின் சோதித்தபோது, சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கத்தியே படாத இருதய நோயாளிகளுக்கும் நாளடைவில் இதே போன்ற தேய்வு உண்டு என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டின. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகையிலை ஆகியவை இருதயக் குழாயோடு மூளைக் குழாயையும் கெடுக்கின்றன.

சிகிச்சையான முதல் சில நாட்களில் முதியவர்கள் ஆள் தெரியாமல் பிதற்றுவதுண்டு. பைத்தியம் என்று பதறக் கூடாது. மூக்குக் கண்ணாடி, பழகிய குரல், இரவில் நல்ல தூக்கம் இவையே பெரிய உதவி. ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மார்பெலும்பு கூட இரண்டு மூன்று மாதமாகும். அதன்பின் டாக்டர் அனுமதித்தால், புட்டா இல்லாத வெற்று உடலில் தொடங்கலாம். எண்ணிக்கையைக் கொஞ்ச நாள் பக்கத்தில் ஒருவர் சொல்லட்டும். முந்தி நெய்யும் வேலை பிறகு.