காகித மைக்ராஸ்கோப்பும் செல்போனும்

பள்ளிக்கூட ஆய்வறையில் மைக்ராஸ்கோப் ஒன்று, மாணவர்கள் 40 பேர் என்றால் ஆளுக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். பிறகு புத்தகப் படத்தைப் பார்த்தே நோட்டில் வரைய வேண்டியதுதான்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் உருவாக்கி 2014-ல் அறிவித்த 'ஃபோல்டுஸ்கோப்' இந்தக் குறையைப் போக்க உதவுகிறது. மடித்த காகிதத்தில் பொருத்திய சிறு லென்ஸ் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். காந்தத்தால் செல்போன் காமிராவில் ஒட்டினால், வெங்காயத் தோலின் செல்களைப் படமெடுத்து வகுப்பு முழுவதும் பார்க்கலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். திரையில் படத்தை விரலால் விரித்ததும் '140 மடங்கு' என்ற கணக்கு பொய்த்துவிடும். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் கோடிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் அதே நிலையில் படமெடுத்து ஒப்பிட்டால், செல்லின் உண்மை நீளம் தெரியும். கண்டதைத் தானே அளந்து எழுதும் மாணவனுக்குப் புத்தகப் படம் தேவையில்லை.