எட்டுப் பவுணில் ஒரு மின்கிற்றார்

கடைக்குச் சென்று விலை கேட்டுவிட்டு வாடிய முகத்தோடு திரும்பும் பிள்ளைக்குப் பெற்றோர் கூறக்கூடிய விடைகள் இரண்டு. “நமக்குக் கட்டாது” என்பது ஒன்று. “நாமே செய்து பார்த்தால் என்ன?” என்பது மற்றையது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இலண்டன் மாநகரின் அயலிலுள்ள பெல்தம் என்னும் ஊரில், ஒரு தந்தையும் மகனும் இரண்டாவது விடையைத் தேர்ந்துகொண்டனர்.

மகன் பிரையன் மே, அப்போது 16 வயதுப் பாடசாலை மாணவர். தந்தை ஹரோல்ட் மே, இலத்திரனியல் அறிந்தவர், மரவேலையிலும் கைதேர்ந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்த நல்ல மின்கிற்றார் ஒன்றின் விலை அந்நாளில் 100 பவுணுக்கு மேல். அவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்துச் செய்துமுடித்த கருவிக்கோ 8 பவுண் வரையிலேயே செலவாயிற்று என்பர். ‘றெட் ஸ்பெஷல்’ எனப் பெயர்பெற்ற அச் செந்நிறக் கிற்றாரையே பிரையன் மே ‘குயீன்’ இசைக்குழுவில் வாசித்து உலகப் புகழடைந்தார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று அவர் வாசித்ததும் அதனைத்தான்.

கழிவுப் பொருள்களைக் கொண்டு செய்தார்களாமே என்று வியப்பதோடு பலர் இக்கதையை முடித்துவிடுவர். குறைந்த செலவில் ஒரு கிற்றார் செய்ய விரும்பும் மாணவர்க்கு அதில் இன்னுமொரு பாடம் உண்டு. எதனைத் தேடி எடுப்பது, எதனைக் கணக்கிட்டுச் செய்வது, எதனை வாங்குவது என்று பிரித்தறிவதே அப்பாடம். அதனை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தேடி எடுத்தவை

கிற்றாரின் ஆறு தந்திகளும் சுருதி கூட்டப்பட்ட நிலையில் அதன் கழுத்தை ஏறக்குறைய 80 முதல் 100 இறாத்தல் வரையான விசையோடு இழுக்கின்றன. ஈரம் உலராத மரம் இவ்விழுவையினால் சில மாதங்களிலேயே வளைந்துவிடும். அதனால், நெடுங்காலம் உலர்ந்த பழைய மரம் மலிவானது மட்டுமன்று, பொருத்தமானதுமாகும். மே குடும்பத்தினர் பழைய வீடொன்றின் கணப்படுப்பின்மேல் இருந்த மகோகனிப் பலகையிலிருந்து கழுத்தைச் செதுக்கினர். புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலின் நடுப்பாகத்திற்குப் பழைய மேசையொன்றின் ஓக் மரம் உதவியது.

தந்திகளின் இழுவையைக் கணநேரம் தளர்த்தி ஒலியை அசையச் செய்யும் நெம்பு ஒன்று மின்கிற்றார்களில் உண்டு. அதன் எதிர்விசைக்கு 1928ஆம் ஆண்டு ‘பந்தர்’ மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வுச் சுருள்வில்கள் இரண்டு பயன்பட்டன. நெம்பின் கைபிடி சைக்கிள் ஆசனப்பையைத் தாங்கும் கம்பி. அதன் நுனி தாயாரின் பின்னலூசித் துண்டு. விரற்பலகையிலுள்ள புள்ளிகளும் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களே.

கணக்கிட்டுச் செய்தவை

நமது வீணையில் 24 மெட்டுக்கள் உள்ளன. மெழுகின்மேல் அவற்றை நிறுத்துபவர் தம் செவியையே அளவுகோலாகக் கொள்வார். வேண்டுமாயின் பின்னர் நகர்த்தவும் இயலும். பிரையன் மேயின் கிற்றாருக்கும் மெட்டுக்கள் 24தான். ஆனால் கிற்றாரின் மெட்டுக்கள் மரத்தில் வாளால் அறுத்த பிளவினுள் இறுக்கப்படுவன. ஒருமுறை பிழையாக அறுத்தால் விரற்பலகை முழுவதும் வீணாகும். எனவே அங்கு கணிதம் துணைசெய்ய வேண்டும்.

ஒரு தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் மீடிறன் இருமடங்காகும். அந்த இடைவெளியைப் பன்னிரண்டு சமபடிகளாக வகுக்கும்போது, ஒவ்வொரு படியிலும் மீடிறன் 1.0595 மடங்காகப் பெருகுகின்றது. இவ்வெண் இரண்டின் பன்னிரண்டாம் மூலமாகும். இதனைச் செய்முறைக்கு எளிதாக்கினால், எஞ்சியுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுக்க வேண்டும் என்றாகும். றெட் ஸ்பெஷலின் தந்தி நீளம் 24 அங்குலம். 24ஐ 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டு 1.347 அங்குலத்தில் அமையும். மீதி 22.653 அங்குலத்தை அவ்வாறே வகுத்தால் அடுத்த இடைவெளி 1.271 அங்குலம். பன்னிரண்டாவது மெட்டு சரியாக 12 அங்குலத்தில் வந்தால் கணக்குச் சரி. குறிக்கும்போது ஒவ்வொரு மெட்டையும் தலைப்பக்கத்து முனையிலிருந்தே அளத்தல் வேண்டும். முந்திய மெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

வாங்கியவை

மின்கிற்றாரின் உயிர் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளுந்தான். காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றம் சுருளில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. பரடே 1831இல் கண்டறிந்த தூண்டலே இது. பிரையன் மே இச்சுருள்களையும் முதலில் தாமே சுற்றினார். அவை நன்றாகவே ஒலித்தன. எனினும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது ஒவ்வாத இரைச்சல் எழுந்தது. காந்தமுனைகளை அமைத்த முறையே அதற்குக் காரணம். ஆகவே ‘பேர்ண்ஸ்’ நிறுவனத்தின் சுருள்கள் மூன்றை விலைகொடுத்து வாங்கினார். வாங்கியவற்றினுள்ளும் அரல்டைற் பசையை நிரப்பி, அவை அதிர்ந்து கீச்சிடாதவாறு செய்தார். எல்லாவற்றையும் தாமே செய்யவேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருக்கவில்லை.

தந்தையும் மகனும்

பெற்றோர் சிந்திக்கவேண்டிய செய்தியொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. மகன் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பௌதிகம் பயின்று, கலாநிதிப் பட்டத்திற்கான ஆராய்ச்சியையும் மேற்கொண்டார். பின்னர் இசைக்காக அதனை இடைநிறுத்தியபோது, கிற்றார் செய்ய உதவிய அதே தந்தை பெரிதும் மனம் வருந்தினார். தம் கையாற் செய்த கருவியே மகனைப் படிப்பிலிருந்து பிரித்ததென எண்ணும் தந்தையின் துயரை நாம் குறைகூற முடியாது. மகன் நியூயோர்க் நகரில் பெருங்கூட்டத்தின்முன் வாசித்ததை நேரிற் கண்ட பின்னரே அவ்வருத்தம் தணிந்தது. பிரையன் மே தம் ஆராய்ச்சியை மீண்டும் எடுத்து, 2007இல் வானியற் பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதனைக் காண ஹரோல்ட் உயிரோடிருக்கவில்லை.

விடுமுறையில் இம்முயற்சியைத் தொடங்க விரும்பும் மாணவர், மரத்தில் வாளை வைக்குமுன் சுருள், குதிரை, முறுக்காணி ஆகியவற்றைக் கையில் வைத்திருத்தல் நன்று. அவற்றின் அளவை அறியாமல் வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. கிற்றாரினுள் ஓடும் மின்சாரம் தீங்கற்றது. ஒலிபெருக்கியின் உள்ளே உள்ளதோ உயிருக்கு ஆபத்தானது. அதனைத் திறக்கும் வேலையை அறிந்தவரிடமே விடுக. இவற்றுக்கெல்லாம் முன்னதாக வாங்கவேண்டிய பொருள் ஒன்றுண்டு. கருவியை முழு அளவில் வரையக்கூடிய ஒரு பெரிய தாளே அது. அதன்மேற் செய்யும் பிழைகளுக்குச் செலவு ஓர் அழிறப்பர் மட்டுமே.