பாட்டனுக்குப் பங்கு எங்கே?

அமெரிக்காவிலே ஒரு வழக்கு நடக்கிறது, தோழர்களே! நீதிமன்றத்திலே அல்ல, பாட்டுக்காரர்களுக்கு உள்ளேயே. ஹிப்-ஹாப் இசையை வளர்த்த மூத்தவர்கள் வாதிகள். இன்று பாடும் இளைஞர்கள் பிரதிவாதிகள். "இந்தப் பிள்ளைகளுக்கு வரலாறு தெரியவில்லை" என்பது குற்றச்சாட்டு.

2016-ல் லில் யாட்டி என்ற இளம் பாடகர், டூபாக், பிக்கி ஆகியோரின் பாட்டுகளில் ஐந்தின் பெயர்கூடத் தம்மால் சொல்ல முடியாது என்றார். எழுந்ததே கூச்சல்! அவ்விருவரும் சுடப்பட்டு மாண்ட பிறகு பிறந்த பிள்ளை அவர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

வரலாறு தெரியத்தான் வேண்டும். நாமும் அதைத்தான் சொல்வோம். நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதி, ஏழைகள் வாழும் இடம். 1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பிலே, பள்ளிக்கூடம் போகப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு நடன விருந்து நடத்தினாள் சிண்டி காம்பெல் என்ற பெண். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க். பாட்டு ஓய்ந்து முரசு மட்டும் முழங்கும் இடத்தை, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார் அவர். அந்தத் தட்டுகள் யாருடையவை? ஜேம்ஸ் பிரவுன் போன்ற முன்னோர்களுடையவை!

அப்படியானால் வாதிகளையும் கூண்டில் ஏற்றுவோம்.

1969-ல் ஜேம்ஸ் பிரவுன் குழுவிலே "ஃபங்கி டிரம்மர்" பாட்டுக்கு முரசு அடித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அந்தச் சில விநாடி முழக்கத்தை வெட்டி ஒட்டி உருவான பாட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். காசு குவிந்தது. கையால் அடித்தவனுக்கு? ஏறக்குறைய ஒன்றுமில்லை! அவர் கூலிக்கு வாசித்தவராம். பாட்டின் உரிமையில் அவருக்குப் பங்கு இல்லையாம். எங்கேயோ கேட்ட நியாயமாக இல்லையா, ஆலைத் தோழர்களே? நோயிலே விழுந்தபோது அவருடைய மருத்துவச் செலவை ஏற்றவர் பிரின்ஸ் என்ற பாடகர்தான். 2017-ல் ஸ்டபிள்ஃபீல்ட் மறைந்தார்.

1979-ல் வந்த "ராப்பர்ஸ் டிலைட்", உலகமெங்கும் ஓடிய முதல் ஹிப்-ஹாப் இசைத்தட்டு. அதிலே ஒரு பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தது. தட்டிலே அவர் பெயர் இல்லை. ஐந்து பாட்டின் பெயர் தெரியாத பையனைப் பழிப்போர், இதையல்லவா முதலில் பேச வேண்டும்!

மரியாதை எப்படி இருக்கும் என்பதை 2007-ல் பார்த்தோம். செட்ஜ்விக் கட்டடத்தை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்க உரிமையாளர் முயன்றார். ஏழைக் குடித்தனக்காரர்களோடு கூல் ஹெர்க் வந்து நின்றார். "ஹிப்-ஹாப் பிறந்த வீடு இது" என்பதே அவர்கள் கையிலிருந்த ஆயுதம். மாநில அரசும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 2008-ல் கட்டடம் விலைபோயிற்று. குடித்தனக்காரர்கள் விடவில்லை. 2011-ல் நகராட்சியின் கடனுதவியோடு கட்டடம் வேறு கைக்கு மாறிய பிறகே அவர்களுக்கு மூச்சு வந்தது.