ஆடும் மிதி

1948-ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மோரிஸ் மைனர் காரை, மலாயாச் சாலைகளில் ஓடக் கண்டவர் பலர். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அவ்வண்டியைப் பழைய கார்களில் பற்றுள்ளோர் இன்றும் பேணி வருகின்றனர். நெடுநாள் ஓடிய வண்டியாயின், அதன் பிரேக்கு மிதியைக் கையாற் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தல் வேண்டும். மிதி தளர்ந்து ஆடுமாயின், கோளாறு வண்டித் தளத்தின் அடியில், மிதி சுழலும் இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அங்கே ஓர் எஃகுத் தண்டின்மேல் மிதியின் அடிப்பாகம் சுழல்கிறது. தண்டுக்கும் மிதிக்கும் இடையே வெண்கலம் போன்ற மெதுவான உலோகத்தாலான சிறு குழாய்த் துண்டு ஒன்று உண்டு. பட்டறைக்காரர் அதனைப் 'புஷ்' என்பர். தண்டு தேயாதபடி தான் தேய்வதே அதன் தொழில். மிதி சக்கரம்போல் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சிறிது முன்னும் பின்னுமே அசைகிறது. அதனால் கிரீஸ் எங்கும் பரவாது. அழுத்தம் விழும் பக்கம் மட்டும் தேய்ந்து, வட்டத் துளை நீள்வட்டமாகிவிடுகிறது. மழைச் சேறும் அங்கே சேர்ந்துவிட்டால் தேய்வு விரையும்.

சிறு தேய்வுதானே என்று எண்ணலாகாது. புஷ்ஷின் நீளம் 25 மி.மீ., மிதியின் நீளம் 250 மி.மீ. என்று கொள்வோம். புஷ்ஷின் இரு முனைகளுக்கிடையே 1 மி.மீ. சாய்வு ஏற்பட்டால், மிதியின் தலை 10 மி.மீ. சாய்ந்துவிடும். வகுப்பில் வடிவொத்த முக்கோணம் நடத்துவோர்க்கு இது நல்ல உதாரணம்.

மிதியைத் தள்ளுகோலோடு இணைக்கும் ஊசியும் அதன் துளையும் கூடத் தேய்வனவே. இவ்விரு தேய்வுகளும் மிதியின் அசைவில் ஒரு பங்கை வீணாக்குகின்றன. இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். புஷ்ஷை மாற்றாமல், தள்ளுகோலை நீட்டி ஆட்டத்தை மறைத்துவிடுகின்றனர். மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன், காலை எடுத்தவுடன் முற்றும் பின்வாங்குதல் வேண்டும். அப்போதுதான் சிறு துளை ஒன்று திறந்து, பிரேக்கு எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். கோல் நீண்டுவிட்டால் அத்துளை திறவாது. எண்ணெய் சிறைப்பட, பிரேக்கு சக்கரத்தைப் பற்றியபடியே இருக்கும், சூடேறும், இறுதியில் வேண்டிய வேளையில் பிடிக்காமலும் போகலாம்.

முறையான வேலை கடினமன்று. மிதியைக் கழற்றிப் பழைய புஷ்ஷை அழுத்தி வெளியேற்றுக. தண்டை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். வடு விழுந்த தண்டில் புதுப் புஷ் நிலைக்காது, தண்டையும் மாற்றுவதே தகும். புதியதைச் சுத்தியலால் அடித்தேற்றாமல், வைஸில் வைத்து நேராக அழுத்துதல் நலம். கிரீஸ் வரும் துளை புஷ்ஷின் துளையோடு பொருந்தியுள்ளதா என்று பார்ப்பதைச் சிலர் மறந்துவிடுவர். அழுத்தியதும் புஷ்ஷின் உள்வாய் சற்றுச் சுருங்கும். எனவே ரீமரால் மெல்லத் திருத்தித் தண்டுக்குப் பொருத்துக. மிதி தாராளமாய்ச் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆடலாகாது.

புது ஊசியும் இட்டபின், பிஸ்டனைத் தொடுமுன் மிதிக்குச் சிறிது வெற்றசைவு இருக்கும்படி தள்ளுகோலைத் திருத்துக. அதன் அளவு வண்டியின் கைந்நூலில் உண்டு. பின்னர்ச் சக்கரங்களை நிலத்தினின்று உயர்த்தி, மிதியைப் பலமுறை அழுத்தி விட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுத்தல் வேண்டும்.